மதகடியானுக்கு ஆறு மாதம்

மருதேரி ஏரிக்குக் காவல் இல்லை என்பதைப் பிரெஞ்சு சர்க்கார் 1936-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் கண்டுபிடித்தது. ஏரி வெட்டிய நாள் முதல் அது காவலில்லாமலே கிடந்தது என்றும், தண்ணீர் தன்னுடைய நல்ல குணத்தினால் மட்டுமே இதுநாள் வரை கரைக்குள் தங்கியிருந்தது என்றும் காவல் காரியாலயம் அறிவித்தது.

முதலில் இந்தக் காவல் காரியாலயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கிருமாம்பாக்கத்திலிருந்து மேற்கே போகும் வண்டிப்பாதையில் அந்த வருஷம்தான் அது முளைத்தது. ஓடு போட்ட ஒரு கட்டடம், முன்னால் மதில் வைத்த முற்றம், முற்றத்தில் ஒரு கொடிக்கம்பம். உள்ளே முசே சுப்பராயலு; முசே என்றால் பிரெஞ்சுக்காரர்கள் பாஷையில் ஐயா. அவர் தமிழர்தான். தொப்பியைக் கழற்றினால் தமிழ் புரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, அதைக் கழற்றுவதில்லை. ஏரி, குளம், களம், தோப்பு ஒவ்வொன்றுக்கும் காவல்காரன் யார் என்று தெரிந்துகொள்வது அவருடைய உத்தியோகம். காவல் காப்பது உத்தியோகத்தில் சேர்த்தி இல்லை. தெரிந்துகொள்வது மட்டும்தான்.

அவர் மருதேரிக் கரையில் வந்து நின்றபோது, மதகுக்கு நேர் கீழே செல்லக்கண்ணு தன் வயலில் வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருந்தது அந்த ஒரு காணிதான். அவன் அப்பன் ஊரார் நிலத்தில் ஆயுசு முழுக்கக் கூலிக்கு உழுது, சாகிற வருஷத்தில் சொந்தமாக்கியது. ஏரித் தண்ணீர் முதலில் பாய்கிற வயலும் அதுதான், ஏரி உடைந்தால் முதலில் போகிற வயலும் அதுதான்.

"இந்த ஏரிக்குக் காவல் யார்?" என்று சுப்பராயலு கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மருதேரியில் பிறந்த எந்தக் குழந்தையும் ஒரே பதிலைத்தான் சொல்லும். செல்லக்கண்ணுவும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அதையே சொன்னான். "எங்க மதகடியாருதாங்க, எஜமான்."

"அவன் ராத்திரியில் ரோந்து சுற்றுகிறானா?"

"சுத்துறாருங்க. குதிர ஏறி நாலு எல்லையும் பாத்துட்டு, கோழி கூவறதுக்குள்ள வந்துடுவாரு."

"ஆயுதம் வைத்திருக்கிறானா?"

"அருவா இருக்குதுங்க."

"இத்தனை நாள் யார் உத்தரவின் பேரில் காவல் காக்கிறான்?"

செல்லக்கண்ணு யோசித்துப் பார்த்தான். "அவரா படுத்துக்கிட்டாருங்க" என்றான். அதுதான் உண்மை. ஆனால் உண்மையைக் கேட்க முசே சுப்பராயலு அதற்குள் வண்டியில் ஏறிவிட்டிருந்தார்.

மதகடியான் யார் என்பதை வெளியூர்க்காரர்களுக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். முன்னொரு காலத்தில் மருதேரி ஏரி மதகடியில் உடைத்துக்கொண்டது. கொட்டிய மண்ணெல்லாம் கரைந்து ஓடியது. அப்போது ஒரு கூலிக்காரன் உடைப்பின் குறுக்கே தானே படுத்துக்கொண்டு, "என் மேல போடுங்கடா மண்ண" என்றானாம். போட்டார்கள். உடைப்பு அடைபட்டது. அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. தலைமாட்டில் ஒரு நெட்டைக் கல்லை நட்டு, பக்கத்தில் ஓர் அரிவாளைச் செருகி, மதகடியான் என்று கும்பிட்டார்கள். மேலே மண் குறைந்தால் அவன் எழுந்து போய்விடுவான் என்பது ஊர் அறிந்த விஷயம். ஆகவே ஆவணிக் கடைசிச் செவ்வாயன்று வீட்டுக்கு ஒரு கூடை மண் கொண்டுபோய் அவன் காலடியில் கொட்டி மிதித்துவிட்டு வருவார்கள். தேங்காய் கற்பூரம் அவனுக்குக் கிடையாது. சாமி நிற்கிற இடத்தில் மண், அவ்வளவுதான். கரையும் அதனால் நின்றது.

மறுவாரம் காரியாலயத்தில் விசாரணை. சேவகன் வீரப்பன் வாசலில் நின்று, "மதகடியான், மதகடியான், மதகடியான்" என்று மூன்று தரம் கூப்பிட்டான். வீரப்பனுக்கும் ஊர் மருதேரிதான். கூப்பிட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மதகடியான் வரவில்லை. செல்லக்கண்ணு வந்து நின்றான்.

"அவன் ஏன் வரவில்லை?"

"படுத்திருக்காருங்க."

"பட்டப்பகலிலா?"

"எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து படுத்துதாங்க இருக்காரு."

வீரப்பன் குனிந்து எஜமானின் காதில் விஷயத்தைச் சொன்னான். மதகடியான் என்கிற காவல்காரனைப் பற்றிப் புதுச்சேரிக்கு ஏற்கனவே எழுதி அனுப்பியாகிவிட்டது. அங்கேயிருந்து மேலதிகாரியான பிரெஞ்சுத் துரை, மிகவும் சந்தோஷம் என்று பதில் போட்டும் ஆகிவிட்டது. சுப்பராயலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லத் தக்க விஷயமல்ல அது.

"செல்லக்கண்ணு, கேள். சாமானியன் தப்புச் செய்தால் திருத்திக்கொள்ளலாம். சர்க்காருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒருவனை ஆள் என்று சர்க்கார் எழுதிவிட்டால், ஆளாக இருப்பது அவனுடைய கடமை. பிரெஞ்சு தேசத்தில் எல்லாரும் சமம். மனிதன், தெய்வம் என்கிற வித்தியாசமெல்லாம் பக்கத்து இங்கிலீஷ் சீமையோடு இருக்கட்டும். இன்று முதல் மதகடியான் இந்தக் காரியாலயத்தின் இரண்டாம் நிலைக் காவலன்."

"அப்ப மொத நெல யாருங்க?"

"வீரப்பன்."

செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் பெண்சாதி காசம்மாள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"வீரப்பனுக்குக் கீழயா நம்ம சாமி?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அவன் ஊட்டுக் கோழிய நரி தூக்கினப்ப, அவன் தின்னுட்டுத் தூங்கினவனாச்சே. நீ போயி இன்னாத்துக்குய்யா வாயக் குடுத்த?"

"ஏரிக்குக் காவல் யாருன்னு கேட்டாங்க. வேற இன்னாத்த சொல்ல?"

காசம்மாள் அகப்பையை உலையில் விட்டு ஒரு கிண்டு கிண்டினாள்.

உத்தியோகத்துக்கு அடையாளமாகப் புதுச்சேரியிலிருந்து ஒரு தொப்பி வந்தது. காவலர் இருவர், தொப்பி ஒன்று. பகலில் அது கல்லின் தலையில் இருந்தது. ராத்திரியில் வீரப்பன் அதை எடுத்து, கொசு கடிக்காமல் முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு கரையில் படுத்தான். காவல் அதனால் பலப்பட்டுவிட்டது என்று சுப்பராயலு எழுதினார்.

ஆவணிக் கடைசிச் செவ்வாய் வந்தது. ஊர் கூடையோடு கரையேறியது. அங்கே முசே சுப்பராயலு நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் தண்டோராப் பறையோடு வெட்டியான். காரியாலயத்தின் நிலையை அவர் விளக்கினார்; வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, பறையை அடிக்கச் சொல்லி விளக்கினார்.

"பிரெஞ்சு சர்க்கார் மாமூலை மதிக்கிறது. காவலனுக்கு உரிய மண்ணைக் காவலனுக்குப் போடுவதை ஒருவரும் தடுக்க முடியாது. எனக்கு அதிகாரம் இல்லை. கவர்னருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் சர்க்கார் உத்தரவுப்படி காவலன் எங்கே இருத்தப்பட்டிருக்கிறானோ, அந்த இடத்தில்தான் போட வேண்டும். மதகடியான் மதகடியில் இருக்க வேண்டும் என்று இன்னும் உத்தரவு வரவில்லை. வந்ததும் போடலாம்."

"உத்தரவு எப்பங்க வரும்?" என்று கூட்டத்திலிருந்து பக்கிரி என்கிற கிழவன் கேட்டான்.

"எழுதியிருக்கிறேன்."

"மழ அதுக்கு முன்னால வந்துட்டா?"

"மழைக்கும் இந்தக் காரியாலயத்துக்கும் சம்பந்தம் இல்லை."

கூடைகள் இறங்கின. அந்த வருஷம் மதகடியான் மேல் மண் விழவில்லை.

புரட்டாசியில் உத்தரவு வந்தது; அது வேறு உத்தரவு. ரோந்து சுற்றுகிற நாலு எல்லையும் எவை என்று துரை கேட்டிருந்தார். செல்லக்கண்ணு மறுபடியும் நடந்துபோய்ச் சொன்னான். கிழக்கே பனந்தோப்பு, தெற்கே வாய்க்கால், மேற்கே களத்துமேடு, வடக்கே அரசமரம். சுப்பராயலு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். களத்துமேடும் அரசமரமும் இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தன. எங்கள் பக்கத்தில் எல்லைக்கோடு அப்படித்தான் போகும். ஒரே வயலில் நாற்றங்கால் ஒரு ராஜாவுக்கும் நடவு இன்னொரு ராஜாவுக்கும் இருக்கும். ஆக, பிரெஞ்சு சர்க்காரின் இரண்டாம் நிலைக் காவலன், சுங்கச் சாவடிக்குத் தெரியாமல், குதிரை மீது, கையில் அரிவாளோடு, தினந்தோறும் அன்னிய தேசத்துக்குள் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தான்.

"இது யுத்தம் வரக்கூடிய விஷயம்" என்றார் சுப்பராயலு. அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் இருந்தது.

சொல்தாக்கள் என்கிற சிவப்புத் தொப்பிச் சிப்பாய்கள் இரண்டு பேர் மாட்டுவண்டியோடு வந்தார்கள். கல்லைக் கைது செய்யக் கடப்பாரை வேண்டியிருந்தது. தரைக்கு மேலே முழங்கால் உயரம் தெரிந்த கல், உள்ளே ஓர் ஆள் ஆழத்துக்குப் போயிருந்தது. கரையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போய்த்தான் அதைப் பெயர்க்க முடிந்தது. சங்கிலியைக் கட்டி மாட்டை இழுக்கவிட்டார்கள். காசம்மாள் கரைக்குக் கீழே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஜமான், கடவாப்பல்லு புடுங்கறாப்பல புடுங்கறாங்களே, கர தாங்குமா?"

"கரை எங்கள் காரியாலயத்தைச் சேர்ந்ததல்ல, அம்மா" என்றார் சுப்பராயலு. "காவல் மட்டும்தான் எங்களுடையது."

மதகடியானைக் காரியாலய முற்றத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். அரிவாளைப் பறிமுதல் செய்தார்கள். குதிரையைத் தேடினார்கள், அது தலைமறைவு என்று எழுதிக்கொண்டார்கள். மதகடியில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு ஒரு குழி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. ஏரி ஏறியது. செல்லக்கண்ணுவின் காணியில் சம்பா வேர் பிடித்து, பச்சை கட்டி நின்றது. ஒரு நாள் காலையில் அவன் போய்ப் பார்த்தபோது, குழியிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்து வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை தன்னையே கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நனைந்தபடி அவன் காரியாலயத்துக்கு ஓடினான்.

"எஜமான், குழிய மூடிக்கிறோம். ஊரு பூரா வந்து மூடிக்கிறோம். ஒங்களுக்கு ஒரு செரமமும் இல்ல."

"எந்தக் குழி?"

"மதகடியார எடுத்த குழி."

"அதை மூட முடியாது." சுப்பராயலு பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவரிடம் பொறுமை எப்போதும் நிறைய உண்டு. "குற்றவாளி இருந்த இடம் அது. வழக்கு முடிகிற வரையில் அந்தக் குழி சாட்சி. நீ சாட்சியை மூடச் சொல்கிறாய். சாட்சியை மூடுகிறவனுக்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியுமா?"

"ஏரி ஒடஞ்சிடுங்க."

"உடைந்தால் அப்போது அதற்குத் தனியாக ஒரு விசாரணை இருக்கிறது. காரியாலயம் எதையும் விட்டுவிடாது. நீ நிம்மதியாகப் போ."

செல்லக்கண்ணு திரும்பி வந்தபோது காசம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையில் ஏறியிருந்தாள். வீரப்பன் குழிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். தொப்பியிலிருந்து தண்ணீர் அவன் மூக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம் அண்ணி. குழியில மண்ணு வுழுந்தா என் தொப்பி போயிடும்."

"ஒன் தொப்பி போவும். எங்களுக்கு நெலம் போவுமேடா."

"நான் இன்னா அண்ணி பண்ணுவேன். எனக்கும் பயமாத்தான் கீது. ஆனா எழுதிட்டாங்களே."

"இன்னான்னு எழுதினாங்க?"

"அது பிரெஞ்சுல கீது."

காசம்மாள் அவனைத் தள்ளிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். வீரப்பன் ஊதலை ஊதினான். சொல்தாக்கள் வந்து, விழுந்த மண்ணை அள்ளி வெளியே போட்டார்கள். சாட்சியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததற்காக அவர்களுக்குப் பிற்பாடு பாராட்டு வந்தது.

நாலாம் நாள் விடிகிற நேரத்தில் குழி இருந்த இடத்தில் ஏரி உடைத்துக்கொண்டது. வீரப்பன் புளியமரத்தில் ஏறித் தப்பித்தான். தொப்பியும் தப்பித்தது. செல்லக்கண்ணுவும் காசம்மாளும் மாட்டை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓடி, அங்கே நின்று பார்த்தார்கள். முதலில் சம்பா சாய்ந்தது. பிறகு வரப்பு மறைந்தது. வெள்ளம் வடிந்த அன்று வயல் இருந்த இடத்தில் இடுப்பளவு மணல் கிடந்தது. செல்லக்கண்ணு அதன் மேல் நடந்துபோய், தன் களிமண் இருக்கிற இடம் இதுதானா என்று காலால் தட்டிப் பார்த்தான். அவன் அப்பன் ஒரு ஆயுசு முழுக்க வளைந்து வாங்கிய நிலம். அதை அழிக்க ஒரு கையெழுத்துக் கூடத் தேவைப்படவில்லை. ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னது போதுமானதாக இருந்தது.

சுப்பராயலு சொன்ன சொல் தவறாதவர். தனி விசாரணை நடந்தது. துரையே புதுச்சேரியிலிருந்து மோட்டாரில் வந்து, முற்றத்தில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே கல். துரை பிரெஞ்சில் கேட்டார், சுப்பராயலு தமிழில் சொன்னார்.

"குற்றவாளியின் பெயர்?"

"தெரியாதுங்க" என்றான் செல்லக்கண்ணு. "கேட்டு வைக்கல."

"ஏரி உடைந்த சமயத்தில் அவன் தன் இடத்தில் இருந்தானா?"

"இல்லீங்க. இங்க இருந்தாரு. நீங்கதான்..."

"கேட்டதற்கு மட்டும் பதில். இருந்தானா, இல்லையா?"

"இல்லீங்க."

துரை எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். பேச்சு உருக்கமாகவே இருந்தது. "இந்த ஏழை ஜனங்கள் உன்னை நம்பினார்கள். தங்கள் நிலத்தை, பயிரை உன் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூங்கினார்கள். ஆபத்து வந்தபோது நீ உன் இடத்தில் இல்லை. கடமையின் இடத்தை விட்டு நீங்கிய காவலனைப் பிரான்சு மன்னிக்காது. ஆறு மாதம் இந்த முற்றத்திலேயே காவல். அதற்கு ஒரு நாள் முன்னதாகவும் உன்னை யாரும் இங்கேயிருந்து அசைக்கக் கூடாது. காவலன் வீரப்பன் உடைப்பைக் கடைசி வரையில் மரத்தின் மேலிருந்து கவனித்ததற்காக மெச்சப்படுகிறான்."

சுப்பராயலு இதைத் தமிழில் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நியாயம் வழங்கப்படுவதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வழக்கு முடிந்ததால் உடைப்பை மூட அனுமதி கிடைத்தது. அப்போது ஏரியில் தண்ணீர் இல்லை. பக்கிரிக் கிழவனும் கூலியாட்களும் பனங்கட்டை அடித்து மூடினார்கள். செல்லக்கண்ணு அதற்குப் போகவில்லை. மணல் மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மறு ஆடிக்குள் மணலை அப்புறப்படுத்தாவிட்டால் அடுத்த வருஷமும் கிடையாது. இடுப்பளவு மணலை அள்ளிக் கொட்ட இடம் வேண்டுமே. பக்கத்து வயல்காரன் விடமாட்டான். வாய்க்காலில் கொட்டினால் குற்றம், பாதையில் கொட்டினால் குற்றம்.

"காசம்மா, நாம மணப்பட்டு பக்கம் போயி மீன் சொமக்கலாம். இது ஆவற காரியமில்ல."

காசம்மாள் மணலை ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, சாமிக்கு இந்த வருசம் மண்ணு போடலியே."

"இப்ப அதுவா கவல?"

"சாமி எங்க நிக்குதோ அங்கதான மண்ணு?"

"ஆமா."

"சர்க்கார் உத்தரவுப்படி சாமி இப்ப எங்க நிக்குது?"

செல்லக்கண்ணு தலையை நிமிர்த்தினான். ஆவணியிலிருந்து திகைத்தே கிடந்த அவன் முகத்தில் திகைப்பு மெதுவாக வடிந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்து வந்தான்.

முதல் கூடையைக் காசம்மாள் சுமந்து போனாள். மதிலுக்குள் நுழைந்து, கல்லின் காலடியில் மணலைக் கொட்டி, மிதித்து, கும்பிட்டாள். சுப்பராயலு வெளியே ஓடி வந்தார்.

"இது என்ன?"

"மண்ணுங்க. மாமூல்."

"இது காரியாலயம்."

"நீங்கதான எஜமான் பற அடிச்சுச் சொன்னீங்க, உத்தரவுப்படி சாமி இருக்கிற எடத்துலதான் போடணும்னு. தடுக்க கவர்னருக்கே அதிகாரம் இல்லன்னு வேற சொன்னீங்க. ஊரே கேட்டுதுங்க."

அவள் பின்னால் செல்லக்கண்ணு. அவன் பின்னால் பக்கிரி. அதற்குப் பின்னால் மருதேரி. எல்லார் கூடையிலும் ஒரே வயலின் மணல். மாலையில் கொடிக்கம்பத்தின் அடி மறைந்தது. ஒரு வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு கூடைதானே மாமூல் என்று சுப்பராயலு மறுநாள் வாதாடிப் பார்த்தார். அது சாதாரண மண், இது நேர்ந்துகொண்ட மண், நேர்த்திக்குக் கணக்கில்லை என்றான் பக்கிரி. சுப்பராயலு புதுச்சேரிக்கு எழுதினார். மாமூலை மதிக்க வேண்டும், குற்றவாளியை அசைக்கக் கூடாது என்று பதில் வந்தது.

தை முடிவதற்குள் படிகள் மறைந்தன. மாசியில் கதவு திறக்க மறுத்தது. முசே சுப்பராயலு காரியாலயத்துக்குள் ஜன்னல் வழியாக ஏறி இறங்கப் பழகிக்கொண்டார். குனிந்து ஏறும்போது தொப்பி விழுந்து மணலில் புதைந்துபோனது. மண்ணை அள்ளி வெளியே போடச் சொல்லி வீரப்பனிடம் சொன்னார். அவன் தன் தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, "சாமி மண்ண நான் தொட மாட்டேங்க" என்று வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் அவனும் ஒரு கூடையோடு வந்தான். காசம்மாள் அவனைப் பார்த்து, "நல்லா ரொப்பிக்கினு வாடா, பாதிக் கூடையா எடுத்துக்கினு வர" என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் மணல் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. கொட்டிவிட்டுத் திரும்பிய காசம்மாளை உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. தலையில் தொப்பி இல்லாததால் அது நல்ல தமிழாக இருந்தது.

"அம்மா, நான் துரைக்கு எழுதி விடுதலை வாங்கித் தருகிறேன். உங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்."

"அது எப்படிங்க, எஜமான். ஆறு மாசம்னு தீர்ப்பு. பாதியில வுட்டா சர்க்காருக்கு மரியாதையா இருக்குமா?"

"நேர்ந்துகொண்டது என்கிறீர்களே, எது வரைக்கும் நேர்ந்துகொண்டீர்கள்? அதையாவது சொல்லுங்கள்."

காசம்மாள் வெறுங்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க களிமண்ணு கண்ணுக்குத் தெரியற வரைக்கும்" என்றாள்.